படி வெட்டாமல் குவாரி தோண்டப் பத்துப் படிகள்

வாழ்த்துகள்! குத்தகை கைக்கு வந்துவிட்டது. கிரஷர் தயார். ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் டிப்பர்கள் வரிசையில் நிற்கின்றன. இனி வேண்டியது ஒரு நல்ல பள்ளம். பள்ளம் என்றால் அதற்குச் சுவர்களும் இருக்கும் என்பது பலருக்கும் பாதி தோண்டிய பிறகுதான் உறைக்கிறது. நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய பாறைச் சரிவு பெரும்பாலும் சொல்லாமல் வராது. நாள்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் விரிசல் விடும், கசியும், நகரும், பொடிக்கல் உதிர்க்கும். இவ்வளவு கட்டியம் கூறிக்கொண்டு வருகிற ஒன்றை ‘எதிர்பாராத விபத்து’ ஆக்கிக் காட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் கவனமாகக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பாதி வேலையை நீங்கள் ஏற்கெனவே முடித்திருப்பீர்கள். மீதியை முறைப்படுத்தித் தருகிறேன்.

1. கோணத்தை முடிவு செய்துவிட்டு ஆய்வைத் தொடங்குங்கள்

ஒரு சாயங்காலம் தனியாக உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடுங்கள். 60 மீட்டர் ஆழம். 5 மீட்டர் உயரத்துக்கு 5 மீட்டர் அகலம் என்று படி வைத்து இறங்கினால், சுவர் மொத்தமாக 45 டிகிரியில் சாயும். சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 1,800 கன மீட்டர் கல் வெட்டப்படாமல் நிற்கும். 100 மீட்டர் நீளச் சுவர் என்றால் 1,80,000 கன மீட்டர். எடையில் நாலரை லட்சம் டன்னுக்கும் மேல். அத்தனையும் உங்கள் எல்லைக்குள், உங்கள் குத்தகையில் இருக்கும் கல்.

கணக்கு முடிந்ததும் செங்குத்துச் சுவர்தான் சரி என்று தானாகவே தோன்றும். தோன்றியதும் அதை எழுதி வைத்துவிடுங்கள். இனி வரும் ஆய்வுகளின் வேலை அதற்கு ஆதாரம் தேடுவது மட்டும்தான்.

பெரிய செம்புச் சுரங்கங்களிலும் இதே ஆசை உண்டு. சுவரை ஒரே ஒரு டிகிரி நிமிர்த்தினாலே, அள்ளிக் கொட்ட வேண்டிய வெறும்பாறை லட்சக்கணக்கான டன் குறையும். அந்த ஒரு டிகிரிக்காக அவர்கள் வருடக்கணக்கில் துளையிட்டு, அளந்து, சோதித்துப் பார்க்கிறார்கள். பாவம். நீங்கள் நாற்பத்தைந்து டிகிரியையும் ஒரே மூச்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. துளை போட்டே ஆக வேண்டுமா? நட்ட நடுவில் போடுங்கள்

கல் எவ்வளவு தேறும் என்று பார்க்க நடுவில்தான் துளையிட வேண்டும். அந்தப் பாறை முழுவதும் நாளைக்கு டிப்பரில் ஏறிப் போய்விடும். காலமெல்லாம் நிற்கப் போவது ஓரத்துப் பாறை. நிற்கப் போவதைப் பற்றி எதுவும் தெரியாமலிருக்க இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

துளை நேராகக் கீழே இறங்கட்டும். பாறையின் மிக ஆபத்தான விரிசல்களில் பல ஏறத்தாழ செங்குத்தாக நிற்பவை. செங்குத்துத் துளை அவற்றின் பக்கத்திலேயே ஓடும், ஒன்றைக்கூடத் தொடாது. சாய்வாகத் துளை போட்டு, வெளியே வரும் கல் உருளை (கோர்) பூமிக்குள் எந்தத் திசையைப் பார்த்து இருந்தது என்று குறித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொட்டேஷன் கேட்டு ஃபோன் செய்யாதீர்கள்.

கோர் வந்த பிறகு ஒரு கண்டம் உண்டு. மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கினால், 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள துண்டுகளை மட்டும் கூட்டி, மொத்த நீளத்தில் அது எத்தனை சதவீதம் என்று பார்த்துவிடுவார்கள். பாறை எவ்வளவு உடைந்து கிடக்கிறது என்பதை எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாமல் காட்டிக்கொடுக்கும் கணக்கு அது. துண்டுக்கு நடுவே சிவப்பு மண் ஒட்டிக் கிடந்தால் அங்கே தண்ணீர் ஓடியிருக்கிறது என்றும் கண்டுபிடிப்பார்கள். ஆகவே பெட்டிகளை ஷெட்டுக்கு வெளியே வெயிலிலும் மழையிலும் போடுங்கள். மரம் உளுத்து, கோர் கலைந்து, ஒரு வருடத்தில் எது எத்தனையாவது மீட்டர் என்று ஆண்டவனுக்கே தெரியாமல் போகும்.

3. லேபுக்கு நல்ல கல்லாகப் பொறுக்கி அனுப்புங்கள்

பல்லாவரம் பக்கம் கிடைக்கிறதே, அந்தச் சார்னோகைட் வகைக் கல்லாக இருந்தால் யோகம்தான். ஓட்டை உடைசல் இல்லாத துண்டைப் பொறுக்கி அனுப்புங்கள். ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு டன்னுக்கும் மேல் தாங்கும் என்று ரிப்போர்ட் வரும். லேமினேட் செய்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். “எங்க கல்லு யானைக் கல்லு” என்று வருபவர்களிடமெல்லாம் காட்டலாம்.

சுவர் சரியும்போது கல் உடைந்து சரிவதில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள விரிசல் வழியாக வழுக்கிக்கொண்டு வருகிறது. சோதிக்க வேண்டியது அந்த விரிசலின் உராய்வை. அதற்கும் லேபில் கருவி உண்டு. கேட்டால்தானே தருவார்கள்.

4. விரிசல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்காதீர்கள்

இந்தக் கையேட்டிலேயே முக்கியமான படி இதுதான். இதில் மட்டும் தேறிவிட்டால் மற்ற ஒன்பதைக் கோட்டைவிட்டாலும் பலன் உண்டு.

விரிசல் குழியைப் பார்த்து 50 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். உங்கள் சுவர் 80 டிகிரி. அந்த விரிசலின் உராய்வு தாங்கிப் பிடிப்பது ஏறத்தாழ 30 டிகிரி வரைதான். சாய்த்து வைத்த பலகைகளை அடுக்கி, கீழ்ப்பக்கத்தை ரம்பத்தால் அறுத்துவிட்ட நிலைமை. மேல் பலகை ஏன் இன்னும் நிற்கிறது என்பதுதான் கேள்வி, ஏன் விழுந்தது என்பதல்ல. இரண்டு விரிசல்கள் வெட்டிக்கொண்டு குழியை நோக்கி இறங்கினால், ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டு கழன்று வரும். செங்குத்து விரிசல்கள் உட்பக்கமாகச் சற்றே சாய்ந்திருந்தால், பாறைத் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக முன்னால் கவிழும்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க ஒரு ஜியாலஜிஸ்ட், அவர் கையில் அடங்கும் ஒரு காம்பஸ், கொஞ்சம் பொறுமை போதும். சுவரோரமாக நடந்து, ஒவ்வொரு விரிசலின் திசையையும் சாய்வையும் குறித்து, ஒரு வட்டப் படத்தில் புள்ளி வைப்பார். எந்தச் சுவர் எப்படி விழும் என்று அந்தப் படமே சொல்லும். ஹோக், பிரே இருவரும் பாறைச் சரிவுப் பொறியியல் பற்றிப் புத்தகம் போட்டது 1974-இல். வித்தை புதிதல்ல, ரகசியமும் அல்ல. அதனால்தான் அந்தக் காம்பஸ்காரரைக் கேட்டோடு திருப்பி அனுப்பும் வாட்ச்மேன் உங்களுக்குத் தேவை.

5. விடையை எழுதிவிட்டுக் கணக்குப் போடுங்கள்

பாதுகாப்புக் குணகம் என்று ஒன்று கேட்பார்கள். பிடித்து நிறுத்தும் விசையை இழுத்துத் தள்ளும் விசையால் வகுத்தால் வருவது. 1 என்றால் ஊசலாட்டம். ஒரு முழுச் சுவருக்கு 1.2, 1.3 என்று எதிர்பார்ப்பார்கள். 1.3 என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். 1.31 என்று எழுதினால் இன்னும் உழைத்ததுபோல் தெரியும்.

பிறகு மேல்நோக்கிக் கணக்குப் போடுங்கள். பிணைப்பு வலிமை என்று ஒரு கட்டம் இருக்கும். வெடியில் அதிர்ந்து வாய்பிளந்த விரிசலுக்கு அது பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். கட்டத்தில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, தாராளமாக ஏற்றுங்கள். இன்னொரு குறுக்கு வழி: மண்கரை வட்டமாகச் சரிவதற்கான கணக்கை, விரிசல் விட்ட கெட்டிப் பாறைக்குப் போட்டுவிடுங்கள். கலர் கலராகப் படம் வரும். படத்தில் உள்ள வட்டம் அழகாக இருக்கும். உங்கள் பாறை வட்டமாகச் சரியப் போவதில்லை என்பதைப் படம் சொல்லாது.

6. தண்ணீர் என்று ஒன்று இல்லவே இல்லை

ஐப்பசி, கார்த்திகை மாதங்களை நாட்காட்டியிலிருந்து கிழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். ஏன் தெரியுமா? சுவருக்குப் பின்னால் 10 மீட்டர் ஆழ விரிசலில் தண்ணீர் நிரம்பினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 50 டன் விசையோடு பாறையைக் குழிப்பக்கம் தள்ளும். விரிசல் 20 மீட்டர் ஆழமென்றால் தள்ளுவிசை இரண்டு மடங்கில் நிற்காது, நான்கு மடங்காகி 200 டன்னைத் தொடும். விரிசல் அகலமாக இருக்க வேண்டியதுகூட இல்லை, ஒரு விரல் இடைவெளி போதும். சுவருக்குள் ஊறிய தண்ணீரோ பாறையின் பிடியை உள்ளிருந்தே தளர்த்தும். உராய்வு இருக்கும், அதை அழுத்திப் பிடிக்கும் பாரம் குறைந்துபோகும்.

நெய்வேலிக்காரர்களைப் பார்த்துக் கெட்டுப்போகாதீர்கள். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீர், சுரங்கத் தளத்தையே கீழிருந்து பிளந்துவிடும் என்று கணக்கிட்டு, இராப்பகலாக மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டே தோண்டுகிறார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். விளிம்புக்கு மேலே மழைநீரைத் திருப்பிவிட ஒரு வாய்க்கால், சுவரில் கிடையாகச் சில வடிகால் துளைகள், உள்ளே நீர்மட்டம் பார்க்க நாலு குழாய் என்று யாராவது பட்டியல் கொடுத்தால், “அது அடுத்த பட்ஜெட்டில்” என்று சொல்லுங்கள். அடுத்த பட்ஜெட்டுக்கு முன்னால் ஒரு மழைக்காலம் நிச்சயம் வரும்.

7. நிற்க வேண்டிய சுவரையும் சேர்த்தே வெடியுங்கள்

கடைசி வரிசைத் தமர்த் துளைக்கும் முதல் வரிசை போலவே மருந்தை நிரப்புங்கள். எல்லைக் கோட்டில் நெருக்கமாகத் துளை போட்டு, கொஞ்சமாக மருந்து வைத்து, முதலில் அதைப் பிளந்துவிட்டால் பின்சுவர் சேதமில்லாமல் நிற்கும் என்பது தெரிந்த விஷயம்தான். துளைக்குக் கூலி, நேரத்துக்கு நஷ்டம். ஒரே தட்டில் முடியுங்கள். கல் வருவதோடு, பின்னால் பல மீட்டர் தூரத்துக்குப் பாறை கலகலத்துப்போகும். அடுத்த முறை வெடியே தேவைப்படாமல்கூடப் போகலாம்.

அடிவாரத்தில் கல் லகுவாகக் கிடைக்கிறதா? ஹிட்டாச்சியை விட்டு அங்கேயே குடையுங்கள். மேலே பாறை கூரைபோல நீட்டிக்கொண்டு நின்றால் மதியச் சாப்பாட்டுக்கு நிழல். இப்படிக் குடைந்து தொங்கவிடக் கூடாது, கெட்டிப் பாறையிலும் ஒரு படி 6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று 1961-ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளின் 106-ஆவது விதி சொல்கிறது. அறுபது வருடத்துக்கு மேல் பழைய விதி. பழையதற்கு மரியாதை கொடுங்கள், தொந்தரவு கொடுக்காதீர்கள்.

8. விளிம்பை வீணாக்காதீர்கள்

பக்கத்துப் பட்டா நிலத்துக்கு என்று விட்டுவைத்த 7.5 மீட்டர் இடைவெளி சும்மா கிடக்கிறது. மேல்மண்ணை அங்கே குவியுங்கள். டிப்பர் திரும்பவும் அதே இடம் வசதி. சரியக் காத்திருக்கும் சுவரின் தலையில் பாரம் ஏற்றினால் வேலை சீக்கிரம் ஆகும். ஜார்க்கண்டின் லால்மட்டியாவில் 2016 டிசம்பர் 29 அன்று நிலக்கரிச் சுரங்கத்தில் மேல்மண் மேடு சரிந்து 23 பேர் இறந்தார்கள். கொட்டிய மண்ணும் ஒரு சரிவுதான், அதற்கும் வடிவமைப்பு வேண்டும் என்று அதிலிருந்து யாராவது பாடம் எடுக்க வந்தால், உங்களுடையது கல்குவாரி என்று சொல்லி அனுப்புங்கள்.

ஒருநாள் விளிம்பிலிருந்து நாலடி தள்ளி, காய்ந்த புல்லுக்கு நடுவே ஒரு கோடு தெரியும். எறும்புப் புற்று வரிசை என்று நினைப்பீர்கள். குனிந்து பார்த்தால் விரல் நுழையும். பொடிக்கல் ஒன்றை உள்ளே போட்டால் தட்டித் தட்டி இறங்கும் சத்தம் கேட்கும், முடியும் சத்தம் கேட்காது. பதற்றம் வேண்டாம். இரண்டு கூடை மண்ணைக் கொட்டி மிதித்து மூடுங்கள். அடுத்த வாரம் கோடு மறுபடி தெரிந்தால் மறுபடி மண். எத்தனை கூடை ஆயிற்று என்று மட்டும் எண்ணாதீர்கள். எண்ணினால் அது அளவீடு ஆகிவிடும்.

9. அளப்பவர்களை அண்டவிடாதீர்கள்

சிலி நாட்டின் சுக்கிக்கமாட்டா செம்புச் சுரங்கத்தில் ஒரு சுவர் நகர்ந்துகொண்டிருந்தது. நகர்வை அளந்து கோடு போட்டவர்கள், 1969 பிப்ரவரி 18-ஆம் தேதி சரியும் என்று ஐந்து வாரத்துக்கு முன்பே சொன்னார்கள். பிப்ரவரி 18 அன்றே சரிந்தது. இதில் ‘எதிர்பாராத’ என்ன இருக்கிறது?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிங்காம் கேன்யன் இன்னும் மோசம். பிரிசம், ரேடார் என்று வைத்து மில்லிமீட்டர் கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2013 ஏப்ரல் 10 இரவு, இரண்டு தவணையாக ஏறத்தாழ 14 கோடி டன் பாறை இறங்கியது. அதற்கு முன்பே ஆட்களை வெளியேற்றிவிட்டார்கள். ராட்சத லாரிகள் புதைந்தன, ஒருவருக்குக்கூடக் காயம் இல்லை. சரிவை அவர்களால் தடுக்க முடியவில்லை, சாவைத் தடுத்துவிட்டார்கள்.

உங்களிடம் ரேடார் இருக்காது, பிரச்சினை இல்லை. உங்களுக்கு ஆபத்து விரிசலுக்கு இருபுறமும் முளையடித்து, காலையும் மாலையும் டேப் பிடிக்கிற மேஸ்திரியிடமிருந்துதான் வரும். செலவு இரண்டு கம்பித் துண்டு. அவர் வந்து தலையைச் சொறிவார்: “முதலாளி, மேல கல்லு பேசுது. நேத்துலேர்ந்து பொடி உதிருது. ரெண்டு நாள் அந்தப் பக்கம் ஆள் விட வேணாம்.”

“நீ வந்த நாளா இதையேதான்யா சொல்ற. லோடு நிக்குது, போ.”

இந்த வசனத்தை மனப்பாடம் செய்யுங்கள். பதினைந்து வினாடி ஆகும். பிங்காம் கேன்யன்காரர்கள் பல மாதம் உழைத்துச் சாதித்ததை இது ஒன்றே கலைத்துவிடும்.

10. கீழே ஆள் இருக்கட்டும்

யாரும் இல்லாத குழியில் பாறை விழுந்தால் அது விபத்தாகாது, கொள்முதல். ஆகவே இரவு ஷிப்டை நிறுத்தாதீர்கள். மேலே என்ன உதிர்கிறது என்று இரவில் தெரியாது. லைட் எல்லாம் கீழே பார்த்துத்தான் இருக்கும். 2022 மே 14 இரவு, திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்தபோது ஆறு பேர் உள்ளே சிக்கினார்கள். நான்கு பேர் பிழைக்கவில்லை. கடைசி உடலை எடுக்கவே நாள்கணக்கானது. மீட்க இறங்கியவர்களும் அதே சுவருக்குக் கீழேதான் நிற்க வேண்டியிருந்தது.

பிறகு செய்ய வேண்டியது உங்களுக்கே தெரியும். அறிக்கையில் ‘திடீரென’, ‘எதிர்பாராத விதமாக’, ‘இயற்கை’ மூன்றும் இடம்பெறட்டும். இறந்தவர் பெயருக்கு முன்னால் ‘எச்சரிக்கையையும் மீறி’ என்று சேர்த்தால் கூடுதல் பலம்.

வழக்கமாக வரும் சந்தேகங்கள்

அனுமதி வாங்கிய சுரங்கத் திட்டத்தில் படிப்படியாக வரைந்திருக்கிறதே?
வரைந்திருக்கட்டும். தாளில் உள்ள படி யாருடைய கல்லையும் தின்பதில்லை. ஆய்வுக்கு வருபவரிடம் தாளைக் காட்டுங்கள், குழியை மேலிருந்து காட்டுங்கள்.

எதற்கும் ஒரு இன்ஜினீயரைக் கேட்டுவிடலாமா?
கேட்டால் பதில் சொல்லிவிடுவார். கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்கு நிறையச் செலவாகுமோ?
படி 1-இல் போட்ட நாலரை லட்சம் டன் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், சில்லறையாகத் தெரியும். இன்னொரு அபாயமும் உண்டு. ஒழுங்காக ஆய்வு செய்தால், விரிசல்கள் உட்பக்கம் பார்த்து நன்றாகச் சாயும் ஒரு சுவரைத் தாராளமாக நிமிர்த்தி வெட்டலாம், எதிர்ச்சுவரை மட்டும் படுக்க வைத்தால் போதும் என்று தெரியவரலாம். கல்லும் கூடுதலாகக் கிடைக்கும், ஆளும் பிழைப்பான். அப்படியொரு முடிவு வந்தால் இதுவரை செய்ததற்கெல்லாம் நியாயம் சொல்ல முடியாமல் போய்விடும்.

என் குவாரி பத்து வருடமாக இப்படித்தான் நிற்கிறது. ஒன்றும் ஆகவில்லையே?
பத்து வருடத்துக்கு முன் ஆழம் 15 மீட்டர். இப்போது 60. சுவர் பழையது, உயரம் புதியது. தொடருங்கள், சரியான பாதையில்தான் இருக்கிறீர்கள்.

தொடங்குவதற்கு முன் கடைசியாக ஒன்று. இவ்வளவு நேரம் எதையும் அளக்காதீர்கள் என்றேன். ஒன்றே ஒன்றுக்கு விலக்கு. டேப்பை எடுங்கள். ஒரு முனையைக் குழியின் விளிம்பில் வைத்து, மறுமுனையை உங்கள் ஆபீஸ் நாற்காலி வரை இழுத்துப் பாருங்கள். அந்தத் தூரத்தில் மட்டும் ஒரு அடிகூடக் குறைக்காதீர்கள்.